இறங்கும்போது இறைச்சிக்கு இடம் வேண்டும்: நியூசிலாந்து மலையில் வேட்டை முகாம்

மலைக்கு மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவதை நினைத்தே கட்டுகிறார்கள். வேட்டைக்குப் போகிறவர் இறங்குவதை நினைத்துக் கட்ட வேண்டும். ஒரு செம்மான் பிணையை, அதாவது பெண் மானை, எலும்பு நீக்கி அறுத்தால் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ இறைச்சி தேறும். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காட்டுக்குள் இறங்கி, ஆற்றைத் தாண்டி, வண்டி நிற்கும் இடம் வரை வந்து சேர வேண்டும். 'இதுவும் கிடக்கட்டும்' என்று வீட்டில் திணித்த ஒவ்வொரு பொருளும் இறைச்சி உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நான் இருப்பது கிறைஸ்ட்சர்ச்சில். வேட்டைக்குப் போவது பெரும்பாலும் லேக் சம்னர் பக்கம். 7ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு ஹோப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளே நடப்போம். கூட வருபவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆட்டுப் பண்ணைக்காரர். எழுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் என்னைவிட வேகமாக ஏறுகிறார். அவருடைய பை என் பையைவிடச் சிறியது என்பதைத் தவிர இதில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி அவரிடம் கற்றது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிக்க மாட்டீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மானைச் சுட்டால் சிறை. சரியான சட்டம். இங்கே கதை வேறு. நியூசிலாந்தின் சொந்த நிலவாழ் பாலூட்டி என்றால் வௌவால்கள் மட்டுமே. மான்களெல்லாம் 19ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலேயக் குடியேறிகள் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் ஏற்றிவந்து விட்டவை. புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. அவை பெருகின, பாலூட்டிகளின் பல் பட்டறியாத காட்டில் இளமரக்கன்றுகளைத் துளிர்விடாமல் மேய்ந்தன. அதனால் பெரும்பாலான பொதுநிலங்களில் ஆண்டு முழுதும் மான் வேட்டைக்கு இடமுண்டு, இத்தனைதான் என்ற வரம்பும் இல்லை. தெற்கே ரங்கிடாட்டா ஆற்றின் தலைப்பில் மேயும் இமயமலைத் தார் ஆடும் அப்படி வந்ததுதான்; 1904இல் மவுன்ட் குக் அருகே விடப்பட்டது. நீலகிரி வரையாட்டைப் பார்த்தவர்களுக்கு அது பங்காளி என்று பார்த்தவுடன் தெரியும். விலங்கியலாளர்களும் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். அங்கே நாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பாதுகாக்கிறோம்; இங்கே 10,000க்கு மேல் போகக் கூடாது என்று 1993இல் அரசே திட்டம் போட்டிருக்கிறது.

காகித வேலை சுருக்கம். துப்பாக்கி உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வும் விசாரணையும் உண்டு. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வேட்டை அனுமதியை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்: இரவில் விளக்கடித்துச் சுடக் கூடாது, தங்கும் குடில், நடைபாதை, முகாம், சாலை முனை ஆகியவற்றின் அருகே சுடக் கூடாது. எலி, போசம் (மரமேறும் சிறு விலங்கு) போன்றவற்றைக் கொல்ல 1080 என்ற நஞ்சைக் காடுகளில் போடுகிறார்கள். எந்தப் பகுதியில் எப்போது போட்டார்கள் என்ற விவரத்தைத் துறை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் மானைச் சுட்டுச் சமைப்பது முட்டாள்தனம்.

குடில் இருக்க முகாம் எதற்கு?

துறையிடம் நாடு முழுவதும் 950க்கு மேற்பட்ட மலைக் குடில்கள் இருக்கின்றன. கூரை, படுக்கை, சிலவற்றில் விறகு அடுப்பு. எனக்குக் குடில்கள் மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவற்றில் பல பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன, மான் மேலே இருக்கிறது. பீச் மரக்காடு முடிந்து டஸ்ஸாக் புல்வெளி தொடங்கும் எல்லை எங்கள் பக்கத்தில் 1,200 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வரும். பகலில் காட்டுக்குள் படுத்திருக்கும் மான் மாலையில் அந்த எல்லையைத் தாண்டிப் புல்லுக்கு வரும், விடிந்ததும் திரும்பிப் போகும். வேட்டை என்பது அந்த இரண்டு பொழுதுகள்தான். குடிலில் படுத்தால் அந்த நேரத்துக்கு இருட்டில் 600 மீட்டர் ஏற வேண்டும், இருட்டில் இறங்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே குறிபார்க்க முடியாது.

ஆகவே இங்குள்ளவர்கள் 'ஃப்ளை கேம்ப்' போடுகிறார்கள். கனமானவற்றைக் குடிலிலோ வண்டியிலோ விட்டுவிட்டு, இரண்டு மூன்று இரவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மர எல்லைக்கு அருகே ஒரு தார்ப்பாயின் கீழ் படுப்பது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை செம்மான் கலைகள், அதாவது ஆண் மான்கள், பிணைகளுக்காக உறுமும் பருவம், 'ரோர்' என்பார்கள். பாதி ஊரே மலையில் இருக்கும் நாட்கள் அவை. குடில்கள் நிரம்பி வழியும்போது ஃப்ளை கேம்ப்காரருக்கு மட்டும் தனி மலை கிடைக்கும்.

இடம் பார்ப்பது

எடையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் இடத்தைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. சரியான இடத்தில் போட்ட மட்டமான தார்ப்பாய், தவறான இடத்தில் போட்ட விலையுயர்ந்த கூடாரத்தைவிட நன்றாகத் தூங்கவிடும்; மானையும் காட்டும்.

முதலில் காற்று. வெயில் ஏற ஏற, சூடான காற்று சரிவில் மேல்நோக்கிப் போகும். வெயில் இறங்கியதும் குளிர்ந்து கனத்த காற்று பள்ளம் பார்த்துக் கீழே இறங்கும். நீங்கள் வேட்டையாடப் போகும் குடைவுக்கு (மலைச்சரிவில் கிண்ணம்போல் குழிந்த பகுதி) மேலே படுத்தால், மாலை முழுக்க உங்கள் வாடை மான் மேல் வழிந்துகொண்டிருக்கும். நேர் கீழே படுத்தால் காலையில் அதே கதை. ஆகவே கிளைமுகடு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு இந்தப் பக்கம் முகாம், அந்தப் பக்கம் வேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பதினைந்து இருபது நிமிட நடை இருந்தால் போதும். காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க இங்கே சிறு பிளாஸ்டிக் சீசாவில் பவுடர் வைத்திருப்பார்கள். நான் திருநீற்று டப்பா வைத்திருக்கிறேன். நெற்றிக்கும் ஆகும், காற்றுக்கும் ஆகும்.

அடுத்தது குளிர். இரவில் கீழே இறங்கும் அந்தக் காற்று பள்ளத்தாக்கின் தரையில் தேங்கும். ஆற்றோரப் புல்தரை பார்க்க எவ்வளவு சமமாக இருந்தாலும் விடியலில் வெள்ளையாக உறைந்திருக்கும். அங்கிருந்து ஐம்பது அறுபது மீட்டர் உயரே உள்ள ஒரு திட்டில், மரத்தடியில், உறைபனி பல நாள் எட்டிக்கூடப் பார்க்காது. வடக்கும் வடகிழக்கும் நோக்கிய சரிவு என்றால் இன்னும் நல்லது. இது தெற்கு அரைக்கோளம். சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். காலை வெயில் முதலில் விழும் முகத்தில் பாயை உலர்த்தலாம். குளிர்ந்த விடியலில் மானும் அதே முகத்தில்தான் நிற்கும்.

பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். பீச் மரத்துக்கு வேர் ஆழம் கிடையாது, காய்ந்த கிளைகளை அது ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்றடிக்கும் இரவு ஒன்றில் விட்டுவிடும். உங்கள் தலைக்கு மேலே பட்ட மரமோ தொங்கும் கிளையோ இருந்தால், தரை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது உங்கள் இடமில்லை.

தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் காதுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஓடைக்கரையில் படுத்தவர் இரவு முழுக்க ஓடையைத்தான் கேட்பார். முகட்டுக்கு அப்பால் கலை உறுமுவதும் கேட்காது, காற்று திசை மாறுவதும் கேட்காது. ஐந்து நிமிடம் நடந்து தண்ணீர் பிடித்துவாருங்கள். மலஜலத்துக்குத் தண்ணீரிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளிக் குழி தோண்டுங்கள். தெளிந்த ஓடையானாலும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடிப்பதே நலம்.

கடைசியாக, இலைச்சருகை விலக்கி உள்ளங்கையைத் தரையில் வையுங்கள். ஈரமாகச் சில்லென்று ஒட்டினால் மழை வரும்போது நீர் அங்கேதான் தேடிவரும். லேசான சரிவு நல்லது, தலை மேட்டுப் பக்கம். குழிவு ஆகாது.

தார்ப்பாய் கட்டுவது

இருவருக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் சிலிக்கான் பூசிய நைலான் தார்ப்பாய் போதும். அரை கிலோவைச் சற்றே தாண்டும். காட்டின் நிறத்தில் வாங்காதீர்கள். ரோர் காலத்தில் மரத்துக்கு மரம் துப்பாக்கி இருக்கும். நம் முகாம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். மான் ஆரஞ்சு நிறத்தை நம்மைப்போல் பளிச்சென்று பார்ப்பதில்லை, மனிதன் பார்ப்பான்.

நான்கைந்து மீட்டர் இடைவெளியில் உயிருள்ள இரண்டு மரங்கள். இடுப்பு உயரத்தில் நடுக்கயிறு. ஒரு முனையில் சாதாரண முடிச்சு, மறு முனையில் லாரிக்காரர்கள் பாரத்தை இறுக்கப் போடும் இழுமுடிச்சு. அதை நின்ற இடத்திலேயே இறுக்கவும் தளர்த்தவும் முடியும். காற்றடிக்கும் பக்கத்து விளிம்பைத் தரையோடு தரையாக முளையடித்துவிடுங்கள். மறுபக்கத்தைச் சற்றே உயர்த்துங்கள். அது அடுக்களை, பூட்ஸ் கழற்றும் திண்ணை, மழை பார்க்கும் ஜன்னல் எல்லாம்.

இப்போது பெரியவர் எனக்குக் காட்டிய வேலை. நடுக்கயிற்றில், தார்ப்பாயின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே, பழைய பூட்ஸ் கயிற்றின் துண்டொன்றை முடிந்து தொங்கவிடுங்கள். இரண்டு முனையிலும். மழையில் மரத்தண்டு வழியாக வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்துவரும்; தடுக்க எதுவும் இல்லாவிட்டால் நேராக உங்கள் கழுத்துக்கு மேலே வந்து சொட்டும். துண்டுக் கயிறு இருந்தால் நீர் அதில் திரும்பி, அதன் நுனியில் திரண்டு, வெளியே விழும். நான்கு கிராம் எடை. கடையில் எந்த விலை கொடுத்தாலும் இதைவிட உபயோகமான பொருள் எனக்குத் தெரியாது.

நைலான் நனைந்தால் தளரும். மாலையில் முரசுபோல் இருந்த தார்ப்பாய் இரவு பத்து மணிக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். படுக்கும் முன் ஒருமுறை எழுந்து இழுமுடிச்சை இறுக்கிவிடுங்கள். தரைவிரிப்பு தார்ப்பாய்க்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழையைப் பிடித்து உங்கள் அடியில் ஊற்றும். தரைவிரிப்புக்கு வீடு கட்டுகிறவர்கள் சுவரில் சுற்றும் டைவெக் துண்டு நன்றாகவே உழைக்கிறது.

இதெல்லாம் மரத்துக்குள். தார் ஆட்டுக்காக மே, ஜூன் மாதங்களில் மர எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தார்ப்பாய் ஆகாது. அங்கே கட்ட மரமும் கிடையாது, காற்றுக்கு இரக்கமும் கிடையாது. நல்ல கம்பிகளுள்ள இருவர் கூடாரம் ஒன்றைப் பங்கிட்டுச் சுமந்துபோங்கள்.

மூட்டையில் என்ன, எதில் கைவைக்கக் கூடாது

மூன்று இரவுக்கு என் மூட்டை, துப்பாக்கி நீங்கலாக, 11 கிலோவை ஒட்டி நிற்கும். இதில் 2 கிலோ பையே. எடை குறைந்த, முதுகுச் சட்டகமில்லாத பைகள் ஒரு கிலோவுக்குள் கிடைக்கின்றன, மலையேறுபவருக்குச் சரி. இறைச்சி ஏறியதும் அவை தோளை அறுத்துவிடும். சட்டகமுள்ள, இடுப்புப் பட்டை தடித்த பையில் ஒரு கிலோ கூடுதலாகச் செலவழியுங்கள். எடையில் நான் ஊதாரித்தனம் செய்யும் இடம் இதுதான்.

தூக்கத்தில் ஏமாறும் இடம் ஸ்லீப்பிங் பேக் அல்ல, அதன் அடியில் உள்ள பாய். உடல் எடையில் நசுங்கிய இறகுக்கு வெப்பம் காக்கும் சக்தி போய்விடுகிறது. தரை நேராக முதுகை உறிஞ்சும். காற்றுப் பாய் வாங்கும்போது அதன் ஆர் மதிப்பு (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அளவு) 4க்குக் குறையாமல் பாருங்கள். அரை கிலோவுக்குள் கிடைக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இறகு எடை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் சுருண்டுவிடும். மலைத்தொடரின் கிழக்குப் பக்கமான எங்களுக்கு இறகு போதும். மழை ஓயாத மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் செயற்கை இழைப் பையைச் சுமப்பதே புத்தி.

உள்ளாடை முதல் மெரினோ கம்பளி. மேலே ஒரு ஃப்ளீஸ், ஒரு திணிப்பு வைத்துத் தைத்த குளிர்ச்சட்டை, நல்ல மழைக்கோட்டு. இரவுக்கென ஒரு ஜோடி உலர்ந்த உடை, நீர் புகாத பைக்குள். எவ்வளவு நனைந்து நடுங்கினாலும் பகலில் அதைத் தொடக் கூடாது. ஜீன்ஸ் போட்டு மலைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் விட வேண்டியவை: மடக்கு நாற்காலி, கோடாலி, இரண்டாவது கத்தி, இரண்டாவது பாத்திரம், 'மாற்றுக்கு' என்ற பெயரில் வரும் எல்லாத் துணிகளும். எவ்வளவு எடை குறைத்தாலும் கைவைக்கக் கூடாதவை: முதலுதவிப் பை, மழைக்கோட்டு, உலர்ந்த உடை, ஒரு நாள் கூடுதல் சாப்பாடு, அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி). 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் கைக்கடக்கம், ஏறத்தாழ 150 கிராம். பதிவு செய்வது இலவசம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி வெறும் கடிகாரம்தான். பீக்கனைப் பையின் அடியில் போடாதீர்கள், உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆற்றில் பை போனால் பீக்கனும் போய்விடும்.

அடுப்புக்குச் சிறு காஸ் குப்பி போதும், ஆனால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் உறைநிலையைத் தொட்டதும் ஆவியாக மறுத்துவிடும். அதன் கொதிநிலையே -0.5 டிகிரி. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது வேண்டும். அப்படியும் விடியலில் சுடர் மெலியும். அப்போது பாத்திர மூடியில் ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றி, குப்பியை அதில் நிறுத்துங்கள். ஓடைநீர் கைக்குச் சில்லென்று இருந்தாலும் உறைந்த குப்பிக்கு அது வெதுவெதுப்பு; சுடர் எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரவில் குப்பியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்வதும் பழக்கம். மூடிய கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நம் சாப்பாடு

கடைகளில் விற்கும் உலர்த்திய உடனடி உணவுப் பொட்டலங்கள் விலையும் அதிகம், உப்பும் அதிகம். அவலை வைத்துக்கொண்டு நாம் அவற்றை வாங்குவது அநியாயம். ஏற்கெனவே வெந்து, தட்டி, உலர்ந்தது. வெந்நீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம். வீட்டில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிக்காய்ச்சல் கொதிக்கவைத்து, வேர்க்கடலை போட்டு, திருகு மூடிச் சிறு டப்பாவில் அடைத்துவிடுங்கள். கெட்டி அவலில் இரண்டு கரண்டி கலந்தால் புளியவல். ரவையை நெய்யில் தாளித்து வறுத்து உப்புடன் பொட்டலம் கட்டினால் உப்புமா. கொதிநீரை ஊற்றிக் கிளறி, மூடி, கம்பளித் தொப்பியால் சுற்றிவைத்தால் காஸ் செலவில்லாமல் தானே வேகும். பருப்புப்பொடி ஒரு கை. நடுப்பகலுக்குக் கடலை மிட்டாய், பேரீச்சை. நாளுக்கு 700 கிராம் என்பது என் அளவு.

நெய்யை மறக்காதீர்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. சுமக்கும் கிராமுக்கு நெய்க்கு ஈடில்லை. குளிரில் கல்லாகிவிடும் என்பதால் அகன்ற வாய் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்காய வாசனை மானை விரட்டாதா என்று ஒருவர் கேட்டார். மூன்று நாள் குளிக்காத மனிதனின் வாடையைத் தாண்டிப் பெருங்காயம் என்ன செய்துவிடும்?

முகாமுக்கு விருந்தாளிகள் வருவார்கள். கியா என்ற மலைக்கிளி பச்சையாய், அழகாய், பூட்ஸ் நாக்கையும் தார்ப்பாய் விளிம்பையும் கிழித்துப்பார்க்கும் ஆர்வத்தோடு வரும். அது பாதுகாக்கப்பட்ட பறவை. நீங்கள் செய்யக்கூடியது பொருள்களைப் பைக்குள் வைத்துக் கட்டுவதுதான். தின்னக் கொடுக்காதீர்கள். இரவில் போசம் வரும், சாப்பாட்டை மரத்தில் தொங்கவிடுங்கள். ஆற்றோரங்களில் கடிக்கும் ஈக்கு முழுக்கைச் சட்டைதான் மருந்து.

துப்பாக்கி

முகாமின் எல்லைக்குள் நுழையும் முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். தோட்டா அறை காலி என்பதை இருவரும் கண்ணால் பார்க்க வேண்டும். போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளும் பாகம்) கழற்றித் தனியாக, தோட்டா தனியாக. எங்கள் இருவருக்குள் இது பேச்சில்லாத சடங்கு. ஒருவர் திறந்து காட்டுவார், மற்றவர் தலையசைப்பார். குழல் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் மழையும் சருகும் போகாது.

ரோர் காலத்தில் வேட்டைக்காரர்களே பிளாஸ்டிக் குழாயில் ஊதி மான்போல உறுமுகிறார்கள். உங்களுக்குப் பதில் உறுமுவது மானாகவும் இருக்கலாம், உங்களைப்போல் ஒருவராகவும் இருக்கலாம். மானென்று நினைத்து மனிதனைச் சுட்ட வழக்குகள் இந்த நாட்டில் உண்டு, செத்தவர்களில் பலர் சுட்டவருடைய கூட்டாளிகளே. ஆகவே நாங்கள் ஒரே குடைவில் பிரிந்து வேட்டையாடுவதில்லை. மற்றவர் எங்கே என்று தெரியாத நொடியில் வேட்டை நின்றது என்று அர்த்தம். கொம்பு மட்டும் தெரிந்தால் போதாது, நிறம் மட்டும் தெரிந்தால் போதாது, அசைவு எதற்குமே போதாது. முழு மிருகமும் தெரிய வேண்டும்.

சுட்ட பிறகு

முகாமைக் கச்சிதமாகப் போட்டதன் பலன் இங்கேதான் தெரியும். மாலை வேட்டை என்றால் மான் விழுவது பெரும்பாலும் கடைசி வெளிச்சத்தில். முகாம் இருபது நிமிடத்தில் இருக்கிறது என்றால் பதறாமல் வேலை செய்யலாம். உடனே குடலை எடுத்து உடற்சூட்டை வெளியேற்றுங்கள். நிணநீர் முடிச்சுகள் வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் காசநோயாக இருக்கலாம். அந்த இறைச்சி வேண்டாம். ஈரலில் கட்டியோ வெண்புள்ளியோ இருந்தால் அதுவும் வேண்டாம். சுத்தமாக இருந்தால் அன்றிரவு மிளகும் உப்பும் நெய்யும் போட்டு ஈரல் வறுவல். மூன்று நாள் அவலுக்கு அது ஈடுகட்டும்.

இறைச்சியை எலும்பு நீக்கிப் பருத்தித் துணிப் பைகளில் போடுங்கள். பழைய தலையணை உறை போதும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. சூடு உள்ளே நின்று புழுங்கிவிடும். காற்றாடும் மரத்தின் தெற்குப் பக்கக் கிளையில், வெயில் எட்டாதபடி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுங்கள். பைவாய் நன்றாகக் கட்டியிருக்கட்டும். ஏப்ரலிலும் மதியத்தில் ஈ வரும். முகாமிலிருந்து சற்றுத் தள்ளியே தொங்கட்டும்.

இறங்கும்போது இறைச்சி முதுகை ஒட்டி, தோளுக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். கனமானது அடியில் தொங்கினால் ஒவ்வொரு அடியும் பின்னால் இழுக்கும். கொம்பை எடுத்துவந்தால் அதன் மேல் ஆரஞ்சுத் துணி சுற்றுங்கள். புதருக்கு மேலே நடந்துவரும் கொம்பைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆறு இறங்கும்வரை

மேற்கிலிருந்து ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி அங்கே கொட்டும். கிழக்கே நமக்கு வானம் நீலமாக, காற்று வெதுவெதுப்பாக இருக்கும், 'நார்வெஸ்டர்' என்பார்கள். ஆனால் நம் ஆறுகளில் பல அந்த மழையில்தான் பிறக்கின்றன. தலைக்கு மேலே வெயில் அடிக்க, கால் கீழே ஆறு பழுப்பாகிப் பெருகும். பின்னாலேயே தெற்குக் காற்று வந்து வெப்பநிலையைத் தள்ளி, மேலே பனி கொட்டும். புறப்படும் முன் வானிலைத் துறையின் மலைப்பகுதி அறிக்கையைப் பாருங்கள். உங்கள் பள்ளத்தாக்குக்கு மட்டுமல்ல, அதற்கு மேற்கே உள்ளதற்கும்.

ஆறு கலங்கி ஓடினால், கற்கள் உருளும் சத்தம் கேட்டால், இறங்க வேண்டாம். மழை நின்றால் மலையாறு வந்த வேகத்தில் வடியும். கூடுதல் ஒரு நாள் சாப்பாடு இதற்குத்தான். இறைச்சி நிழலில் இன்னொரு நாள் தாங்கும். தெளிந்த ஆற்றையும் அகலமாகப் பிரிந்து ஆழமில்லாமல் ஓடும் இடத்தில் தாண்டுங்கள். மார்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒருவர் பைக்கும் முதுகுக்கும் இடையே மற்றவர் கைகொடுத்துப் பிடித்து, பலசாலி மேல்நீர்ப் பக்கம் நிற்க, இருவரும் சேர்ந்து சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாக நடக்க வேண்டும்.

எங்கே போகிறோம், எந்த வழி, எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குமேல் தேடச் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். என் மனைவி அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பாள். ஆற்றுக்காக ஒரு நாள் காத்திருக்க நேரலாம் என்பதையும் அதில் எழுதியிருப்பேன். அவசரப்பட்டு ஆற்றில் இறங்க வைக்கும் நேரக்கெடு எழுதுவதைவிட எதுவும் எழுதாமல் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இறைச்சி குளிர்ப்பெட்டிக்குள் போன கையோடு, பூட்ஸையும் ஆற்றில் நனைந்த எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி முற்றிலும் உலரவிடுங்கள். டிடிமோ என்ற பாசியை ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்கு நாமே சுமந்துபோகிறோம். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சிறு பையில் அடைத்து வைக்காமல் அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள், இறகு பிழைத்திருக்கும். தார்ப்பாய் துணி உலர்த்தும் கொடியில் இரண்டு நாள் கிடக்கட்டும். பூட்ஸ் கயிற்றுத் துண்டுகளை மட்டும் அவிழ்க்காதீர்கள்.